கத்திரியில் ஆர்க்கிட்

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால், சித்திரையும் வைகாசியும் வசந்த ருது என்று ஐயத்துக்கு இடமின்றி அச்சிட்டிருக்கிறது; அதே பஞ்சாங்கத்தில், சிறிதும் கூச்சமின்றி, சித்திரையின் பிற்பகுதியில் அக்னி நட்சத்திரம் ஆரம்பம் என்றும் அச்சிட்டிருக்கிறது. மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28ஆம் தேதி வாக்கில் நிவர்த்தியாகும் இந்தக் கத்திரிக் காலத்தில், தென்றல் வீசும், குயில் கூவும், மன்மதன் கரும்பு வில்லை வளைத்துக்கொண்டு புறப்படுவான் என்றெல்லாம் மகாகவிகள் வர்ணித்திருக்கும் வசந்தமானது சென்னைப் பட்டணத்தில் எந்தத் தெருவில், எந்த இலக்கமுள்ள வீட்டில் ஜாகை வைத்திருக்கிறது என்பதை இதுவரையில் யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. கவிகளைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களில் ஒருவருக்கும் மேற்கு மாம்பலத்தில் மேற்குப் பார்த்த மொட்டை மாடி இருந்திருக்க நியாயமில்லை.

சாமானிய ஜனங்களை இந்த முரண்பாடு அதிகம் தொந்தரவு செய்வதில்லை. மோரைக் குடித்துவிட்டு, நுங்கைத் தின்றுவிட்டு, மின்சாரம் போகும்போது கண்ணில் பட்டவரை வைதுவிட்டு அவர்கள் காலத்தை ஓட்டிவிடுவார்கள். ஆர்க்கிட் வளர்ப்பவனுடைய நிலைமை வேறு. அவன் கையில் இருக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டவை. வசந்தத்தின் கடைசிப் பகுதி வந்து, உறைபனி பற்றிய பயம் தீர்ந்து, இரவுக் குளிர் இனிமேல் கடுமையாக இராது என்ற நிச்சயம் ஏற்பட்டவுடன், மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த செடிகளை வெளியே கொண்டுபோய் வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று அவை தாயுள்ளத்தோடு உபதேசிக்கின்றன. அந்த உபதேசத்தை அட்சரம் பிசகாமல் தலைகீழாக அனுசரிப்பதுதான் சென்னையில் ஆர்க்கிட் வளர்க்கும் சாஸ்திரம். அவர்கள் உள்ளே இருப்பதை வெளியே எடுக்கிற மாதத்தில் நாம் வெளியே இருப்பதை உள்ளே தள்ள வேண்டும். அவர்கள் வெயிலைத் தேடுகிற வேளையில் நாம் நிழலைத் தேட வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தேசத்து ஆர்க்கிட்டுகளும் ஒத்துப்போகின்றன: அங்கேயும் இங்கேயும் இந்த மாதங்களில்தான் புது வேரும் புதுத் தளிரும் விடுகின்றன. அதாவது, வருஷத்தில் எப்போது தெருமுனையில் லாரித் தண்ணீருக்குச் சண்டை நடக்கிறதோ, அப்போது பார்த்துத்தான் அதற்குத் தாகம் எடுக்கிறது.

இந்தத் தாவரத்தின் குலாசாரத்தையும் சிறிது சொல்லிவிட வேண்டும். 25,000க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட மகா குடும்பம் அது. நம்மவர்கள் தொட்டியில் வாங்கிவந்து வைத்துக்கொள்ளும் ஃபலனாப்சிஸ், டென்ட்ரோபியம், வாண்டா முதலானவை மண்ணில் கால் வைக்கும் ஜாதி அல்ல. மரக்கிளையில் தொற்றிக்கொண்டு, ஆனால் மரத்தின் சாற்றில் ஒரு துளியையும் தீண்டாமல், மழையையும் பனியையும் காற்றோடு வந்து சேரும் மக்கையும் கொண்டே ஜீவிக்கும் வைராக்கியசாலிகள். இவற்றைப் புல்லுருவி என்று சொல்பவர்கள் வீண் பழி சுமத்துகிறார்கள். புல்லுருவி மரத்தின் உடம்புக்குள் வேரைச் செருகி அதன் சோற்றையே உண்ணும். ஆர்க்கிட்டோ இருக்க இடம் கேட்கும், அதற்கு மேல் படுக்கப் பாய் கேட்காது. அதனுடைய வேரின்மேல் நீரை உறிஞ்சுவதற்கென்றே ஒரு வெண்மையான போர்வை உண்டு. உலர்ந்திருக்கும்போது அது வெள்ளிபோல் வெளுத்துத் தோன்றும். நனைந்தால் உள்ளேயிருக்கும் பச்சை தெரியும். வேர் வெளுத்திருந்தால் தண்ணீர் விடலாம், பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்பதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒரு விசேஷம். சாதாரணச் செடிகள் பகலில் இலைத் துவாரங்களைத் திறந்து மூச்சு விடுகையில், தடித்த இலையுடைய இந்த ஆர்க்கிட்டுகள் பகல் முழுவதும் துவாரங்களை இறுகச் சாத்திக்கொண்டிருந்து, இருட்டியபின் திறந்து, கரியமில வாயுவை உள்ளே இழுத்து, அதை அமிலமாக்கிச் சேமித்து வைத்துக்கொண்டு, மறுநாள் சூரியன் வந்ததும் கதவைத் திறக்காமலே அதைச் சமைத்துக்கொள்கின்றன. கோடையில் ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டுப் பகலைக் கழித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடியில் பாயை விரித்துப் பெருமூச்சு விடும் சென்னைவாசியின் தினசரியை இதைவிடக் கச்சிதமாகப் பின்பற்றும் தாவரம் வேறில்லை. ஆனால் இருவருக்கும் ஏமாற்றம் ஒன்றே. இரவு குளிர்ந்தால்தான் ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விடும். 28 டிகிரிக்கு மேல் இடைவிடாமல் வைத்திருந்தால் இலைமேல் இலையாக விட்டுக்கொண்டிருக்குமேயொழியப் பூவைப்பற்றி நினைக்காது. சித்திரை வைகாசி ராத்திரிகளில் அதற்குக் கீழே இறங்குவதற்குச் சென்னைக்கு எளிதில் மனம் வருவதில்லை. ஆகையால் இந்தப் பருவத்தில் அதனிடம் பூவை எதிர்பார்ப்பவன் அசட்டு ஆசாமி. உயிரை எதிர்பார்ப்பவன்தான் விவேகி.

அந்த உயிரைப் போக்குவதற்கு வெயில்கூடத் தேவையில்லை, அன்பு போதும். இதற்குச் சரித்திரம் சாட்சி சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சீமான்களுக்கு ஆர்க்கிட் பித்துப் பிடித்தது. 1833ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சியின் உருவத்தில் பூத்த ஓர் ஆர்க்கிட்டைக் கண்டு மதிமயங்கிய டெவன்ஷயர் பிரபு, தம்முடைய சாட்ஸ்வொர்த் மாளிகையில் அவற்றைச் சேர்க்கத் தொடங்கி, இரண்டே வருஷங்களில், ஜான் கிப்ஸன் என்ற தோட்டக்காரரை இந்தியாவுக்கே கப்பலேற்றி அனுப்பி, அஸ்ஸாமுக்குத் தெற்கேயுள்ள காஸி மலைகளில் தேடச் சொன்னார். இப்படிக் கடல் கடந்து வந்த செடிகளுக்கு அங்கே நடந்த உபசாரம் என்னவென்றால், இவை உஷ்ண தேசத்துப் பிரஜைகள் அல்லவா என்ற கருணையினால், கண்ணாடி வீடுகளைக் கட்டி, புகைக்குழாய்களால் சூடேற்றி, ஆவி பறக்கும்படி எங்கும் ஈரமாக்கி, வெளிக்காற்று ஓர் இழைகூட நுழையாமல் அடைத்து, அதற்குள் அவற்றைக் குடியேற்றியதுதான். அவற்றில் பாதி குளிர்ந்த மலைச்சிகரங்களில் பிறந்தவை என்பதையும், காற்றோட்டமே அவற்றின் பிராணாதாரம் என்பதையும் யாரும் விசாரிக்கவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இங்கிலாந்து உஷ்ண மண்டலத்து ஆர்க்கிட்டுகளின் மயானமாக விளங்கியது. கடைசியில், பிற்காலத்தில் லண்டனில் ஸ்படிக மாளிகையைக் கட்டிப் பெயர் பெற்ற ஜோஸப் பாக்ஸ்டன் என்பவர், அந்தப் பிரபுவின் தலைமைத் தோட்டக்காரராக இருந்தபோது, வெவ்வேறு சீதோஷ்ணத்துக்கு வெவ்வேறு வீடு என்று பிரித்து, ஜன்னலைத் திறந்துவிட்டார். செடிகள் பிழைத்தன. ஜன்னலைத் திறப்பதற்கு அவ்வளவு பெரிய மேதை வேண்டியிருந்தது.

கொண்டுபோவதிலும் சிரத்தைக்குக் குறைவில்லை. தாவர சாஸ்திர நிபுணரான ஜோஸப் ஹூக்கர் 1850ஆம் ஆண்டில் காஸி மலைகளில் நீல வாண்டாவைக் கண்டு, க்யூ தோட்டத்துக்கென்று ஏழு ஆள் சுமை சேகரித்தனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சிலவே என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவையும் விஸ்தரிப்பதற்குக் காரணம், என் வீட்டு மாடியும் கத்திரிக் காலத்தில் ஒரு சிறிய சாட்ஸ்வொர்த்தாக மாறிவிடுகிறது என்பதே. மற்ற மாதங்களில் யாரும் மாடிக்கு வருவதில்லை. வெயில் ஏற ஏறப் பிறருக்கு ஜீவகாருண்யம் பெருகுகிறது. வாடுகிற உயிர் எதையாவது கண்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற தர்மம் நம் ரத்தத்தில் ஊறியது. ஆர்க்கிட்டோ வாடாதபோதே வாடினாற்போல் தோற்றமளிக்கும் சுபாவமுடையது. டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுகள் இலையுதிர்ந்து, சுருங்கி, அடுப்புக்கு ஆகும் சுள்ளிகள்போல் நிற்பதைப் பார்த்து மனம் பொறாதவர்கள் அநேகர். புதுத் தளிருக்கு வேண்டிய நீரும் உணவும் அந்தச் சுள்ளிக்குள்தான் சேமித்து வைத்திருக்கிறது, அதை வெட்டினால் குழந்தையின் பால் டப்பாவைத் தூக்கி எறிந்தாற்போல் என்று நான் எடுத்துச் சொல்வதற்குள் கத்தரிக்கோல் கைமாறிவிடும்.

எதிர்வீட்டு நண்பர் நீர்ப்பாசன இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், இலாகா இன்னும் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. ஒரு நாள் மாலை என் தொட்டிகளைச் சுற்றி வந்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகிப் போவதைக் கண்டு திடுக்கிட்டார். "என்ன சார் இது, விட்டதெல்லாம் சர்ப்ளஸா போறதே! அடியிலே ஒரு தட்டு வெச்சு, நாலு விரக்கடை தேக்கம் நிறுத்துங்கோ, மேலே விடவே வேண்டாம்" என்றார். தேங்கிய நீரில் இந்த வேர் அழுகிவிடும் என்று சொன்னேன். "வேர்னா தண்ணியிலே இருக்கத்தானே சார்?" என்று அவர் கேட்ட கேள்வியில் மேட்டூர் அணையிலிருந்து வீராணம் ஏரி வரைக்கும் அடங்கியிருந்தது. மறுநாள் காலையில் எல்லாத் தொட்டிகளுக்கும் அடியில் எவர்சில்வர் தட்டுகள் இருந்தன; அவருடைய சொந்தத் தட்டுகள்; பெயர் பொறித்தவை.

பெங்களூரிலிருந்து ஃபலனாப்சிஸைப் பரிசாகக் கொண்டுவந்த மாப்பிள்ளை வேறு சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர். "மாமா, ரொம்ப சிம்பிள். வாரத்துக்கு மூணு ஐஸ் கட்டி வெச்சாப் போதும், அமெரிக்காவிலே எல்லாரும் அப்படித்தான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை; அங்கே பல்கலைக்கழகத்தார் அதைச் சோதித்துப் பார்த்துச் செடிக்குக் கெடுதல் இல்லை என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது குளிர்சாதனம் செய்த அமெரிக்கக் கூடத்துக்குச் சொன்ன தீர்ப்பு. மாம்பலத்து மாடியில் மூன்று ஐஸ் கட்டி ஒரு வாரத்துக்குப் போதும் என்றால், எங்கள் தெருவில் லாரியே வர வேண்டியதில்லை. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "ஐஸா? வேண்டவே வேண்டாம், ஜலதோஷம் பிடிச்சுக்கும்" என்று ஒரே வாக்கியத்தில் விவாதத்தை முடித்துவைத்தாள்.

அத்தையைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்பதைக் கடந்தவள், செடி கொடிகளிடத்தில் கைராசி உள்ளவள் என்று குடும்பத்தில் கீர்த்தி பெற்றவள். முதன்முதலாக ஆர்க்கிட் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, மண்ணே போடாம வெறும் கரியையும் செங்கல் துண்டையும் ரொப்பி வெச்சிருக்கியே, இது என்ன செடியா, குமுட்டி அடுப்பா?" என்று கேட்டாள். காற்று ஊடாடுவதற்காக அப்படி என்று விளக்கினேன். நம்பவில்லை. அன்று மத்தியானமே அரிசி களைந்த கழுநீர் ஒரு சொம்பு உள்ளே போயிற்று. அதற்கடுத்தபடி, கத்திரி பிறந்தவுடன், சிவன் கோயிலில் சுவாமிக்கு மேலே தாராபாத்திரம் கட்டியிருப்பதைத் தரிசித்துவிட்டு வந்தவள், அடியில் துவாரமிட்ட ஒரு செப்புப் பாத்திரத்தைத் தயார் செய்து, வெட்டிவேர் சகிதமாக ஜலம் நிரப்பி, கம்பியில் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக ஃபலனாப்சிஸின் நடுக்குருத்தில் விழும்படி ஏற்பாடு செய்துவிட்டாள். "லோகத்தையே எரிக்கிற வெயில்லே பரமேஸ்வரனுக்கே வேண்டியிருக்கு, இது எம்மாத்திரம்?" என்ற அவளுடைய தர்க்கத்துக்கு ஆகமத்தில் பதில் கிடையாது, தாவர சாஸ்திரத்தில் இருக்கிறது. காட்டில் இந்தச் செடி நிமிர்ந்து உட்காருவதே இல்லை. கிளையில் தலை சாய்ந்து தொங்கும். குருத்தில் விழுந்த மழை அப்படியே வழிந்து ஓடிவிடும். நிமிர்த்தித் தொட்டியில் உட்காரவைத்தது நம்முடைய கைங்கரியம். புழுக்கத்தில் குருத்துக்குள் நீர் தங்கினால் சில தினங்களில் அது அழுகி, இலை கையோடு வந்துவிடும்.

எண்பது வயதுப் பக்தியை எதிர்த்து வாதம் செய்கிற துணிச்சல் எனக்கு இல்லை. அத்தை போஜனம் முடித்துக் கண்ணயர்ந்ததும் ஆர்க்கிட்டை நகர்த்திவிட்டு, அவ்விடத்தில் குண்டுமல்லித் தொட்டியை வைத்துவிடுவேன். அவள் எழுந்திருப்பதற்குள் பழையபடி மாற்றிவிடுவேன். அந்த வைகாசியில் மல்லிகை பூத்தது பூத்தபடி. அத்தை அதைப் பறித்துத் தொடுத்துக்கொண்டே, "பார்த்தியோ, பக்கத்திலே இருந்த பாவத்துக்கே இதுக்கு இவ்வளவு புண்ணியம் கிடைச்சிருக்கு" என்றாள்.

இனி, உண்மையாகச் செய்ய வேண்டியது என்னவென்று கேட்கிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலைப் பாதியாக்கும் பச்சை நிழல்வலையைக் கட்ட வேண்டும். மேற்கு வெயில் நேரே விழும் இடமானால் இன்னும் அடர்த்தியான வலை. வெயில் பட்டு வெளுத்துக் கருகிய இலை மறுபடி பச்சையாகாது. காலையில் சூரியன் ஏறுவதற்குமுன் வேர் நன்றாக நனையும்படி விட்டு, இலைக்கவட்டில் தங்கியதைத் துடைத்துவிட வேண்டும்; கூடையில் வேரைத் தொங்கவிட்டிருக்கும் வாண்டாவுக்கு மட்டும் கத்திரியில் இரண்டு வேளை வேண்டும். உரம் போடுவதானால் சீசாவில் எழுதியிருக்கும் அளவில் நாலில் ஒரு பங்கு, அதுவும் நனைந்த வேரில். வெக்கையில் இலையின் அடியில் குடியேறும் செஞ்சிலந்தியைக் கவனிக்க வேண்டும். ஈரம் குறைந்தால் அது வம்சவிருத்தி செய்யும் வேகம் அச்சம் தரக்கூடியது. தொட்டி மாற்றுவதற்குப் பச்சை நுனியோடு புது வேர் கிளம்பும் தருணமே உத்தமம். அதற்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

தண்ணீர்தான் சிக்கல். போர்த் தண்ணீரின் உப்பு வேர் நுனியைக் கருக்கிவிடும். மழைநீர் புத்தகத்தில்தான் பெய்யும். ஆனால் குளிர்சாதன யந்திரத்தின் குழாயிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. ஆகவே வைகாசியில் எங்கள் வீட்டில் பகலிலும் அந்த யந்திரம் ஓடினால், அது மனிதர்களுடைய சுகத்துக்காக அல்ல, வாண்டாவுக்கு ஒரு வாளி தீர்த்தம் சேகரிப்பதற்காகவே என்று மின்சாரக் கட்டணச் சீட்டு வரும்போது என் சகதர்மிணியிடம் விக்ஞாபனம் செய்துகொள்கிறேன். அவள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மற்றதெல்லாம் கடற்காற்றின் கையில். வழக்கமான நாளில் அது பகல் திரும்பும் சமயத்தில் புறப்பட்டுவந்து செடியையும் மனிதனையும் ஆசுவாசப்படுத்தும். மே மாதக் கடைசியில் மேல்காற்று பலத்துவிட்டால் கரையிலேயே தடுத்து நிறுத்தப்பட்டு, மாம்பலம் வந்து சேரும்போது சாயங்காலமாகிவிடும். சில நாட்களில் வருவதே இல்லை. கத்திரி நிவர்த்தி என்று பஞ்சாங்கம் விடைகொடுத்து அனுப்பிய பிறகு, 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி, நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று என்பதை ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நிழல்வலையைப் பஞ்சாங்கம் பார்த்து அவிழ்க்கக் கூடாது.

இந்த அமளிகளுக்கிடையே என்னை வெட்கப்படச் செய்கிற ஆர்க்கிட் ஒன்று உண்டு. நரியின் வாலைப்போல் தொங்கும் வெளிர் ரோஜா நிறப் பூங்கொத்தையுடைய ரிங்கோஸ்டைலிஸ் என்பது அதன் பெயர். அஸ்ஸாமில் ஏப்ரல் நடுவில் வரும் பிஹு பண்டிகையின்போது பெண்கள் இதைக் கொண்டையில் சூடிக்கொண்டு ஆடுவார்கள். அந்த ராஜ்யத்தின் மலரே அதுதான். நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களிலும் அது இருக்கிறது. அதற்கு நிழல்வலை கட்டியவர் எவர்? தாராபாத்திரம் தொங்கவிட்டவர் எவர்? வேனில் வந்தவுடன், யாரும் விசாரிக்காத அந்த ஒரே காரணத்தினாலேயே, அது பாட்டுக்குப் பூத்துவிட்டுப் போகிறது.

அதனால்தான் மே மாதத்தில் கோடை விழாவுக்கென்று ஏற்காடு போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலை உண்டாகிறது. அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தாரின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. கண்குளிரப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் சிலர் அத்துடன் திருப்தியடையாமல், சாலையோர மரத்திலிருந்து பட்டையோடு ஒரு செடியைப் பெயர்த்து, பாலிதீன் பையில் மூச்சு முட்டக் கட்டி, 20 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சேலத்து வெயிலில் இறக்கிவிடுகிறார்கள். காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது சட்டவிரோதம். நீல வாண்டா முதலிய சிலவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பெயர் சொல்லியே காப்பாற்றியிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், மலைப்பனியில் பிறந்த அந்த ஜீவன் சமவெளியில் ஒரு கத்திரியைத் தாண்டுவது துர்லபம். வேண்டுமென்பவர்கள் நர்சரியில் பிறந்து நர்சரியில் வளர்ந்ததை விலை கொடுத்து வாங்குங்கள். மரத்தில் இருப்பது மரத்திலேயே இருக்கட்டும்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பருவத்தில் வருகிற அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாடிக்கு வாருங்கள், காபி சாப்பிடுங்கள், யோசனை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வலைக்குள் கையை நீட்டாதீர்கள். எதற்காவது தண்ணீர் ஊற்றியே தீரவேண்டும் என்று கை துறுதுறுக்குமானால், குண்டுமல்லித் தொட்டி மாடிப்படிக்கு இடப்புறம் இருக்கிறது.